மாப்பிள்ளை கேட்ட கம்ப்யூட்டர்

நிக்காஹுக்கு இன்னும் மூன்று வாரம்தான். நோன்பு பிறப்பதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று பேசி, மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, பாதிப் பேருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. இந்த நேரத்தில் போய் விருதுநகர் மண்டி வியாபாரி முகைதீன் வீட்டில் யாரும் யாருடனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். நடுவில் ஓரிரு வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக ஒரு வார்த்தை.

பெண் கேட்டு வந்த அன்று, சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை தவுபிக், ஜமாத் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில், "கைக்கூலி, வரதட்சணைன்னு ஒத்த ரூபா வேண்டாம் மாமா" என்றான். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த முகைதீன் மகள் பெனாசிர் அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் குரலைத்தான் கேட்டாள். கேட்டவுடனே சரி என்று மனதுக்குள் சொல்லிவிட்டாள். அதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் பவுன் கணக்கில் தட்டிப்போனவை.

பத்து நாளுக்கு முன் அந்த மாப்பிள்ளையின் அக்கா தஹ்மீனா வந்தாள். தகப்பன் இல்லாத அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். காப்பி குடித்தாள், பலகாரம் நன்றாக இருக்கிறது என்றாள், கிளம்பும்போது நாலாக மடித்த காகிதம் ஒன்றை முகைதீன் கையில் வைத்தாள்.

"கைக்கூலியெல்லாம் நாங்க கேக்க மாட்டோம் மாமா. தம்பி ஆசப்படுறான். கேம் விளையாடுற கம்ப்யூட்டராம். அவனே கைப்பட எழுதி வச்சுருக்கான், பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து பெனாசிருக்குச் சோறு இறங்கவில்லை. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் சபையில் வேண்டாம் என்று சொல்லிப் பேர் வாங்கிக்கொண்டு, பின்வாசல் வழியாக அக்காவை அனுப்பிக் கேட்கிற மனுஷனோடு காலம் பூராவும் எப்படிக் குடித்தனம் செய்வது? அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பனும் மகளும் தெப்பக்குளத்துப் பக்கம் மாடியில் இருந்த மணிமுத்துவின் கடைக்குப் படி ஏறினார்கள். மணிமுத்து காரியாபட்டிக்காரன். ஊரில் நிலபுலன் இருந்தும், மதுரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு இங்கே வந்து கடை போட்டிருந்தான். உதிரிப் பாகங்களை மதுரையிலிருந்து வரவழைத்து, இங்கேயே பூட்டிக் கொடுப்பான்.

"வாங்க பாய். வா தங்கச்சி" என்று இரண்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

முகைதீன் உட்காரவில்லை. மல்லி மூட்டைக்கு விலை பேச வந்தவர் போல நின்றபடியே கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். மேஜை மேல் கிடந்த ஒரு பச்சைப் பலகையை எடுத்து எடை பார்த்தார். நல்லவேளை, மோந்து பார்க்கவில்லை.

"இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல ஒரு பைசா கெடையாது மணிமுத்து. அதுக்குள்ள சீருன்னு சொன்னா சீரு மாதிரி இருக்கணும்" என்றவர், சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

மணிமுத்து படிக்கப் படிக்க அவன் முகம் மலர்ந்தது.

"யாரு பாய் இத எழுதுனது? ஆளு வெவரம் தெரிஞ்சவரு."

"எதக் கண்டு சொல்றே?"

"நம்ம ஊர்ல வாரவுக எல்லாரும் ப்ராசஸருக்கு அள்ளிக் கொட்டிட்டு, கிராபிக்ஸ் கார்டுன்னா முளிப்பாக. ப்ராசஸர்தான் மூளை. ஆனா கேமுக்கு மூளை மட்டும் போதாது, படத்த வேகமா வரையுறதுக்குத் தனியா ஒரு கார்டு வேணும். இவரு ப்ராசஸர நடுத்தரமா வச்சுக்கிட்டு, அந்தக் காச மிச்சம் பிடிச்சு கார்டுல போட்டுருக்காரு. போர்டும் அப்படித்தான். ரெண்டு ராம் மாட்டுற எடம் இருக்கணும், இப்ப ஒண்ணு மட்டும் போடணும்னு எழுதிருக்காரு. பின்னாடி கையில காசு வந்தா இன்னொண்ணு மாட்டிக்கிடலாம்ல."

பின்னாடி கையில் காசு வந்தால். பெனாசிர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அத ஒருக்கா தாங்களேன்."

பத்து நாளாக அந்தக் காகிதம் அத்தாவின் சட்டைப் பையை விட்டு வெளியே வந்ததில்லை. கேட்கவும் அவளுக்கு மனமில்லாமல் இருந்தது. இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறாள். பென்சிலில் சின்னச் சின்ன எழுத்து. ஹார்ட் டிஸ்க் என்ற இடத்தில் நூற்று அறுபது என்று எழுதி, அடித்து, எண்பது என்று போட்டிருந்தது. அதுவும் ஒரே தடவையில் அடிக்கவில்லை. அடித்து, திரும்ப எழுதி, மறுபடி அடித்திருந்தது. மனசு கேட்காமல் குறைத்திருக்கிறான்.

அதற்குக் கீழே: மானிட்டர், இப்போதைக்குப் பழைய பதினஞ்சு இஞ்ச் போதும். சி.டி. டிரைவ், பிரஸ்ஸில் ஒன்று சும்மா கிடக்கிறது, முதலாளியிடம் கேட்டுப் பார்க்கணும்.

கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். என்ற வரியை மட்டும் இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டிருந்தான். நானூறு வாட், நல்லது, இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

பெனாசிர் காகிதத்தை அத்தா பக்கம் நீட்டினாள்.

"அத்தா, இதப் பாத்தீகளா? பழைய மானிட்டர் போதும்னு எழுதிருக்கு. பிரஸ்ல கெடக்குற டிரைவ கேக்கணும்னு எழுதிருக்கு. நம்மகிட்ட வாங்குற சாமானுக்கு அவுக எதுக்கு இம்புட்டு மிச்சம் பிடிக்கணும்?"

"பாத்தேம்மா."

"அப்புறம்?"

"மண்டியில நான் முப்பது வருஷமா பாக்காததா? கூட்டிக் கேட்டா நாம கொறப்போம். கொறச்சுக் கேட்டா, அடடா, இம்புட்டு அடக்கமான பையனான்னு நாமளே கூட்டி வைப்போம். அது ஒரு வித்தை" என்றார் முகைதீன்.

ஒரே காகிதம்தான். அப்பன் அதில் ஒரு வியாபாரியைப் பார்த்தார். மகளுக்கு அதில், சம்பளத்தில் கிள்ளி வைத்துச் சேர்க்கிற ஒருத்தனைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அப்படித் தோன்றுவது தன் ஆசையினாலோ என்றும் பயமாக இருந்தது. மூன்று வாரத்தில் கழுத்தை நீட்டப் போகிறவளுக்கு நல்லதாக நினைக்கத்தானே மனசு வரும்?

"ஒரு வார்த்த அவுககிட்டயே கேட்டுருவமா அத்தா?"

"என்னன்னு? கேட்டது நீயா, ஒங்க அக்காவான்னா? இருக்குற மூணு வாரமும் கெட்டுப்போகும். பத்திரிக கொடுத்தாச்சு தாயி. பேசாம இரு." அவர் குரல் கடைசியில் இறங்கிவிட்டது. ஆகஸ்ட் மாதத்து வெயிலுக்கு வேர்த்ததா, பயத்துக்கு வேர்த்ததா, துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பாவம், அவருக்கும் பத்து நாளாகத் தூக்கம் இல்லை.

சாமான்களைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார்கள். ப்ராசஸர், போர்டு, ராம், கார்டு நாலும் காகிதத்தில் இருந்தபடியே ஒத்துக்கொள்ளப்பட்டன. சிக்கல் மானிட்டரில் வந்தது.

"பளசா? சீர்ல யாராச்சும் பளசு வைப்பாகளா? அந்தப் பதினேழு இஞ்ச எடு. பொட்டி பெருசா இருக்கணும். டிரைவும் புதுசு. அந்த ஸ்பீக்கரு செட்டு என்ன வெல?"

"லிஸ்ட்ல ஸ்பீக்கர் இல்ல பாய்."

"தெருவுல இருக்குறவுக லிஸ்ட்டயா பாக்கப் போறாக? எறக்கும்போது எண்ணிக்கதான் பாப்பாக."

ஸ்பீக்கர் ஏறியது. அதனால் கணக்கு இருபத்தையாயிரத்தைத் தாண்டி எட்டிப் பார்த்தது. மணிமுத்து தலையைச் சொறிந்தான். முகைதீன், எங்கே கழிக்கலாம் என்று ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மதியத் தொழுகைக்கான ளுஹர் பாங்கு கேட்டது.

"நீ வீட்டுக்குப் போம்மா. ஒங்கம்மா தனியா இருக்கா. நான் பூட்டி முடிக்கிற மட்டும் இருந்து, அப்படியே லோடு ஆட்டோவுல போட்டுச் சிவகாசியில எறக்கிட்டு வந்துடுறேன். சாயந்தரம் அஸர் தொழுகைக்கு முன்னாடி போயிறணும்."

"இன்னைக்கேவா அத்தா?"

"நல்ல காரியம் தள்ளிப் போடக் கூடாது" என்றார். நல்ல காரியம் என்று சொல்லும்போது மகள் முகத்தை அவர் பார்க்கவில்லை. பெனாசிர் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கைப்பைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

*

மாலை நாலு மணி இருக்கும். வாசலில் டி.வி.எஸ். பிப்டி வந்து நின்றது. மணிமுத்துதான். ஒரு கையில் வாரன்ட்டி சீட்டுகள், மறு கையில் ஒரு அட்டைப் பெட்டி.

பெனாசிரின் அம்மா பைரோஜா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். "வாங்க தம்பி. அவுக அப்பவே வண்டி ஏறிட்டாகளே."

"தெரியும்மா. ரெண்டே முக்காலுக்கு ஏத்தி விட்டதே நாந்தான். மனசு கேக்கல, அதான் வந்தேன்." அவன் அட்டைப் பெட்டியைக் காட்டினான். "தங்கச்சி, இதுதான் லிஸ்ட்ல இருந்த நானூறு வாட் எஸ்.எம்.பி.எஸ். பாய் இத வேண்டாம்னுட்டாக."

"வேண்டாம்னுட்டாகளா? இது இல்லாம எப்படி ஓடும்?"

"ஓடும். கேபினட்டோட சும்மா ஒண்ணு வரும், அதப் போடுன்னுட்டாக. நான் எம்புட்டோ சொன்னேன். 'ஏலே, மல்லி மூட்ட வாங்கும்போது சாக்கு எடையக் களிச்சுட்டுத்தான் காசு கொடுப்பேன். உள்ள இருக்குற சரக்குக்குத்தான் வெல. வெறும் தகரப் பொட்டிக்கு ரெண்டாயிரமா'ன்னு கேக்காக. ஸ்பீக்கருக்கு உண்டான காச அதுலதான் களிச்சாக."

பெனாசிர் தலையில் கை வைத்துக்கொண்டாள். முப்பது வருஷம் மண்டியில் உட்கார்ந்தவருக்குக் கம்ப்யூட்டரும் ஒரு மூட்டைதான். கண்ணுக்குத் தெரிகிற தகரம் எல்லாம் சாக்கு.

"கரண்டப் பிரிச்சுக் கொடுக்குறதே அந்தப் பொட்டிதான் தங்கச்சி. சும்மா எளுதப் படிக்கன்னா அந்த ஓசி சாமானே தாங்கும். கேமப் போட்டா கார்டு கரண்ட இளுக்கும். பத்து நிமிசத்துல நின்னுபோனா நல்ல நேரம். கெட்ட நேரம்னா புகைஞ்சு, கார்டையும் போர்டையும் சேத்துக் கொண்டுபோயிரும்."

"பொகையா?" பைரோஜா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா! தஹ்மீனா புருசன் பட்டாசு லேபிள் கட்டு பூராவும் அந்த வீட்டுலதான அடுக்கி வச்சுருக்காரு. அந்த ஊர்ல பொகைன்னு ஒரு சத்தம் வந்தா தெருவே எந்திரிச்சு ஓடுமே!"

"அம்புட்டு பெருசா ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீக. சாமான் போயிரும், அதான்" என்றான் மணிமுத்து. ஆனால் அவன் முகமும் சரியில்லை. "பாய் செல்லுக்கு நாலு தடவ போட்டேன், எடுக்கல."

எப்படி எடுப்பார்? பேட்டரி தீர்ந்துவிடும் என்று பேசுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் செல்லை அணைத்து வைத்திருக்கிற ஆள் அவர்.

பெட்டியை வைத்துவிட்டு மணிமுத்து போய்விட்டான். கூடத்தில் தாயும் மகளும் தனியாக நின்றார்கள். சுவரில் மணி நாலு பத்து. வண்டி இந்நேரம் சிவகாசி போய்ச் சேர்ந்திருக்கும்.

"அம்மா, அவுக நம்பர் டைரியில இருக்குல?"

"யாரு நம்பரு?"

"சிவகாசி."

"தஹ்மீனாகிட்டயா பேசப் போறே? ஓசிப் பொட்டியப் போட்டு அனுப்பிட்டோம்னு நம்ம வாயாலேயே சொல்லவா? காலம் பூராவும் சொல்லிக் காட்டுவா."

"அவகிட்ட இல்லம்மா. அவுககிட்ட."

பைரோஜா மகளை ஏற இறங்கப் பார்த்தார். "நிக்காஹுக்கு முன்னாடி பொண்ணு பேசுறதா? நம்ம வீட்டுல யாரும் செஞ்சதில்ல."

"புகை வந்து நின்னா நல்லா இருக்குமா?"

அது சரியான கேள்வி. ஆனால் முழுக் கேள்வி அது இல்லை என்று பெனாசிருக்குத் தெரியும். பைரோஜாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பத்து நாளாக மகள் தட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்.

"நானே போடுறேன். நானே சொல்றேன்" என்று பைரோஜா டைரியைப் புரட்டி, ஒவ்வோர் எண்ணாக அழுத்தினார். மணி அடித்தது. தவுபிக்கே எடுத்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும்... நான் விருதுநகர்ல இருந்து..."

"வ அலைக்கும் ஸலாம். மாமியா? சொல்லுங்க மாமி. எல்லாரும் சொகமா இருக்கீகளா?"

பின்னால் ஆப்செட் மெஷின் தடதடவென்று ஓடுகிற சத்தம். தீபாவளி சீசன் லேபிள் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் பிரஸ் ஓடியது. பைரோஜா எஸ்.எம்.பி.எஸ். என்ற பெயரே மறந்துபோய், ரிசீவரை மகள் கையில் திணித்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

"நான் பெனாசிர் பேசுறேன்."

"ஒரு நிமிசம், வெளிய வந்துடுறேன்" என்றது குரல். அதே குரல்தான். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"சொல்லுங்க. ஏதும் பிரச்சனையா?"

"அந்தக் கம்ப்யூட்டர சுவிட்ச் போட்டுற வேண்டாம். உள்ள இருக்குற எஸ்.எம்.பி.எஸ். நீங்க எழுதுனது இல்ல. அத்தா அத சாக்கு எடைன்னு நெனச்சுக் கழிச்சுட்டாக. கார்டுக்கு அது தாங்காதாம்."

"எந்தக் கம்ப்யூட்டரு?"

"நீங்க... லிஸ்ட் கொடுத்துவிட்டது."

"நான் யார்ட்டயும் லிஸ்ட் கொடுக்கலயே. பென்சில்ல எழுதுனதா?"

"ஆமா."

"கார்டு நாலாயிரத்தி எண்ணூறு, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு ரெண்டு அடிக்கோடு?"

"ஆமா."

"அது என் பீரோவுல சட்டைக்கு அடியில இருந்ததுங்க! ரெண்டு வருசமா மாசாமாசம் விலை பாத்து, அடிச்சு அடிச்சு எழுதுனது. போனஸ் வந்ததும் வாங்கலாம்னு இருந்தேன். நிக்காஹ் வந்துச்சு, இந்த வருசம் வேண்டாம்னு மடிச்சு வச்சுட்டேன். அது எப்படி ஒங்க கைக்கு..."

அவனே நிறுத்திக்கொண்டான்.

"அக்காவா?" என்று கேட்டான்.

"அவுகதான் கொண்டாந்து அத்தாகிட்ட கொடுத்தாக" என்றாள் பெனாசிர்.

"அப்ப நீங்க எல்லாரும் இத்தன நாளா, நான் கேட்டேன்னா நெனச்சுக்கிட்டு இருந்தீக?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பொய்யில் ஆரம்பிக்க வேண்டாம் என்று தோன்றியது.

"நெனச்சேன். இன்னைக்குக் காலையில லிஸ்ட்டப் பாக்குற வரைக்கும் நெனச்சேன். பாத்தப்பறம் சந்தேகம் வந்துச்சு. சும்மா கெடைக்கிறதா இருந்தா, பிரஸ்ல கெடக்குற பழைய டிரைவ யாராச்சும் கேப்பாகளா?"

அந்தப் பக்கம் சிரிப்பா, பெருமூச்சா தெரியவில்லை. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பத்து நாள் பாரம் ஒரு நிமிஷத்தில் இறங்கினால் அழுகைதான் வரும்போல.

"இப்ப அது எங்க இருக்கு?" என்றான் தவுபிக். குரல் மாறியிருந்தது.

"அத்தா ஒங்க வீட்டுல எறக்கிக்கிட்டு இருப்பாக."

"நான் இப்பவே போறேன். வந்த வண்டியிலேயே ஏத்தித் திருப்பி அனுப்பிடுறேன்."

"வேண்டாம்!"

அவள் கத்திய கத்தலில் அடுக்களை வாசலில் நின்ற பைரோஜா ஓடி வந்தார்.

கத்தாமல் என்ன செய்வாள்? சீர் கொண்டுபோன வண்டி சாமானோடு திரும்பி வந்தால், இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கல்யாணம் நின்றுவிட்டது. விளக்கம் கேட்க யாரும் வாசலுக்கு வர மாட்டார்கள். ராத்திரி இஷாத் தொழுகைக்குள் மண்டித் தெரு பூராவும் தெரிந்துவிடும்.

"சீரு திரும்பி வந்தா எங்க அத்தாவால தல நிமிர்ந்து நடக்க முடியாது" என்றாள்.

"அத வச்சுக்கிட்டா என்னால நிமிர முடியாதுங்க. நாலு பெரியவுக முன்னாடி சொன்ன வார்த்த."

இரண்டும் நியாயம். எங்கோ டீக்கடைச் சத்தமும் சைக்கிள் மணியும் போனில் கேட்டன. இவன் பிடிவாதக்காரனோ என்று புதிதாக ஒரு பயம் வந்தது.

"சரி. அப்ப நானும் அந்த வண்டியிலேயே ஏறி வாரேன்" என்றான் தவுபிக்.

"எங்க?"

"விருதுநகருக்கு. ஒங்க வீட்டுக்கு. சாமானோட மாப்பிள்ளையும் வந்து எறங்குனா, கல்யாணம் நின்னுபோச்சுன்னு எவன் சொல்லுவான்? பொட்டிய ஒங்க கடைக்காரர்ட்ட நானே திருப்பிக் கொடுத்துடுறேன். ஒங்க அத்தாவுக்குப் பக்கத்துல உக்காந்து, எல்லாத்தையும் நானே சொல்லிக்கிடுறேன்."

"அது மொறை இல்லையே."

"மொறை இல்லதான்" என்றான். "மொதல்ல வீட்டுக்குப் போன் போட்டு, நான் போற வரைக்கும் யாரும் அதத் தொடக் கூடாதுன்னு சொல்லிடுறேன். வைக்கட்டுமா?"

வைத்துவிட்டான். பைரோஜா மகளின் தோளைப் பிடித்து உலுக்கினார். "என்னடி சொன்னாரு? புகைஞ்சுபோச்சா?"

"அவுக கேக்கவே இல்லம்மா. அவுக காசுல, அவுக வாங்குறதுக்கு எழுதி வச்சதாம். தஹ்மீனாக்கா எடுத்துட்டு வந்துருக்காக."

பைரோஜா முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தார், தன் முகத்தையும் துடைத்துக்கொண்டார். "அல்ஹம்துலில்லா" என்றார். அடுத்த மூச்சிலேயே, "இப்ப வாராரா? இங்கனயா? வீட்டுல ஒண்ணுமே இல்லையேடி!" என்று அடுக்களைக்குள் ஓடினார். தாய்மார்களுக்குக் கவலைப்பட ஒன்று போனால் இன்னொன்று தயாராக இருக்கும்.

பெனாசிர் போனை விட்டு நகரவில்லை. தஹ்மீனா சும்மா விடுவாளா? அத்தா முன்னால் அக்காவும் தம்பியும் சண்டை போட்டால் அத்தா என்ன ஆவார்? கால் மணி நேரம் அப்படியே போயிற்று.

போன் அடித்தது. ஒரே மணியில் எடுத்தாள்.

"எம்மா, பெனாசிரு!" அத்தாதான். செல்லை ஆன் செய்திருக்கிறார். குரலைக் கேட்டால் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. "நல்லபடியா எறக்கிட்டேன் தாயி. தஹ்மீனா வாசல்லயே வந்து நின்னு வாங்குச்சு. அக்கம்பக்கம் எல்லாரும் வந்து பாத்தாக. ஸ்பீக்கரப் பாத்துட்டு ஒருத்தரு, மாமனாருன்னா இப்படில்ல இருக்கணும்னாரு."

"அத்தா, நான் சொல்றதக் கேளுங்க..."

"கேளு, கேளு, இன்னம் இருக்கு. சுவிட்ச் போட்டுக் காட்டலாம்னு போனேன். அதுக்குள்ள மாப்பிள்ள போன் போட்டுட்டாரு. தான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் அதுல கையே வைக்கக் கூடாதாம்! பிரஸ்ல சொல்லிட்டு ஓடியாராராம்." முகைதீன் சிரித்தார். இந்தப் பத்து நாளில் அந்தச் சிரிப்பை அவள் கேட்கவில்லை. "அம்புட்டு ஆசம்மா அவருக்கு! சின்னப் புள்ள மாதிரி. நாந்தான் அவர ஏதேதோ நெனச்சுட்டேன்."

"அத்தா, வண்டி நிக்குதா?"

"வண்டிய அப்பவே அனுப்பிட்டேனே. எதுக்கு வெயிட்டிங் காசு? அவரு மொகத்த ஒருக்கா பாத்துட்டு, பஸ்ல வந்துக்கிடுறேன்."

வண்டி இல்லை. தவுபிக் அந்த வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்போது, ஏறி வருவதற்கு வண்டியே இல்லை. பெட்டி நடுவீட்டில் இருக்கும், அக்கம்பக்கம் சுற்றி நிற்கும், பக்கத்தில் அத்தா சிரித்துக்கொண்டு நிற்பார்.

"அத்தா" என்றாள். "மாப்பிள்ள வந்ததும் அவுகளத் தனியா கூட்டிட்டுப் போங்க. அவுக சொல்றத முழுசாக் கேளுங்க. கோவப்பட்டுறாதீக, என்ன?"

"கோவமா?" முகைதீன் மறுபடியும் சிரித்தார். "இந்தா, தெரு முக்குல சைக்கிள்ல வாராரு பாரு. இப்படிப்பட்ட புள்ள மேல எனக்கு என்னம்மா கோவம் வரப் போகுது?"